சூளைப் பள்ளியிலும் மூளை அறிவியல்

பேசுவதற்கான ஏற்பாடு மனித மூளையில் பிறவியிலேயே உண்டு, படிப்பதற்கு இல்லை. எழுத்து தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதனால் முகங்களையும் பொருள்களையும் இனம்காணும் பகுதியில் ஓர் இடத்தை மூளை எழுத்துக்கு ஒதுக்கிக்கொள்கிறது என்கிறார் பிரெஞ்சு அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன். வளர்ந்தபின் படிக்கக் கற்றவர்களிடமும் இந்த மாற்றம் நிகழ்வதை அவர் குழுவின் 2010 ஆய்வு காட்டியது.

எழுத்தை அறிந்தால் மட்டும் போதாது. காதில் பழகாத சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பொருள் பிடிபடாது. ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களும் உண்டு. தமிழில் படிக்க வேண்டுமானால் இவர்களுக்குத் தமிழ்ப் பேச்சுதான் முதல் பாடம். திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளில் ஒடிசாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒடியாப் பாடநூல்களே வரவழைக்கப்பட்டன. முடிந்த இடத்தில் தெரிந்த மொழியில் தொடங்குவதே சரியான வழி.

மொழியைப் போலவே திறனிலும் பிள்ளைகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தை அறிந்து, அடுத்த படிக்குக் கேள்விகளால் நகர்த்துவது கோச்சிங் முறை. இதற்கு நெருங்கிய அரசுத் திட்டம் ‘எண்ணும் எழுத்தும்’. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தார். வகுப்பைப் பார்க்காமல் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். மூளை அறிவியலின் பெயரால் வந்த திட்டமல்ல. ஆனாலும் அந்த அறிவியலோடு ஒத்துப்போகிறது.

கேள்வியால் நகர்த்துவது எப்படி என்பதற்கு ‘கே’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒலியில் ‘க்’ முன்னால், ‘ஏ’ பின்னால். எழுத்திலோ இரட்டைக்கொம்பு முந்திக்கொள்கிறது. ‘கோ’வில் குறி இருபுறமும் நிற்கிறது. தடுமாறும் பிள்ளையிடம் விடையைச் சொல்லிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், பாடம் மனத்தில் தங்காது. “கொம்பை எடுத்துவிட்டால் எப்படிப் படிப்பாய்?” என்று கேட்டால், பிள்ளை தானே நினைவைத் துழாவும். அந்தத் துழாவலே நினைவை உறுதியாக்குகிறது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் நடத்திய சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர்.

மூளை அறிவியலின் பெயரால் வரும் எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது. இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பயிற்சி விளம்பரங்களுக்கு ஆதாரம் கிடையாது. அச்சம் கவனத்தைத் தின்னும் என்பதற்கு உண்டு; அதனால் ஆசிரியரின் கேள்வி மிரட்டலாகிவிடக் கூடாது.

கோச்சிங் முறைக்கு நேரமும் தொடர்ச்சியும் தேவை. சூளைப் பிள்ளைகளோ பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். எந்தப் படியில் விட்டார்கள் என்ற குறிப்பு கூடவே போனால்தான் ஊரில் உள்ள ஆசிரியர் அந்தப் படியிலிருந்து தொடர முடியும்.