மவுண்ட் ரோடு மேசையும் பீங்கான் தட்டும்

இறைச்சிச் சாப்பாட்டுக்கென்றே பெயர்பெற்ற பழைய உணவகங்கள் பெருநகரங்களில் உண்டு. மாட்டிறைச்சி ஸ்டேக்குக்கு நியூயார்க்கில் 1887இல் தொடங்கிய பீட்டர் லூகர்; பிரியாணிக்கும் கோழி வறுவலுக்கும் சென்னை மவுண்ட் ரோட்டில் ஏ.எம். புஹாரி 1951இல் திறந்த புஹாரி ஓட்டல்.

சிக்கன் 65 இங்கேதான் பிறந்தது என்கிறது அந்த ஓட்டல். 1965இல் பட்டியலில் சேர்ந்ததால் அந்தப் பெயராம். 65 மிளகாய், 65 துண்டு என்று வேறு கதைகளும் உலவுகின்றன. அதே சமையலறை பின்னாளில் சிக்கன் 78, 82, 90 என்றும் தந்திருப்பதால், ஆண்டுக் கணக்கே நம்பும்படி இருக்கிறது.

இந்த வறுவலின் மிளகாய்ச் சிவப்பும் எண்ணெயும் மண் தட்டில் ஊறிவிடும். பீங்கானில் ஊறாது. வார்த்த களிமண்மீது பூசும் கலவை, சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருகிக் கண்ணாடிப் படலமாகிறது. கழுவினால் கறையும் வாடையும் போய்விடும். விருத்தாசலத்தின் செராமிக் சூளைகளில் அகல் விளக்கும் பொம்மையும் மின் ஃபியூஸும் வேகும் முறை இதுதான். பெருநகர மேசையின் பளபளப்பு இத்தகைய சூளைத் தொழிலாளர்களின் கைவேலை. சமையல்காரருக்குச் சேரும் புகழில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

பீங்கான் தட்டின் அடியில் பெரும்பாலும் சொரசொரப்பான ஒரு வளையம் இருக்கும். சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளாதிருக்க, அந்த இடத்தில் மட்டும் பூச்சைத் துடைத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் தட்டையும் கவிழ்த்துப் பாருங்கள்.