ஏலக்காய் ஸ்டோர்: சுவர் வழியே போகும் விறகு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மாதிரியைக் கையில் வாங்கும் வியாபாரி முதலில் பார்ப்பது நிறம், பிறகுதான் பருமன். செடி கொடுத்த பச்சை நிறத்தைக் காப்பதும் கெடுப்பதும் உலர்த்தும் ஸ்டோர்தான். ஏலமலைச் சரிவுகளில் பழைய கருங்கல் ஸ்டோர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள், பறிப்பு முடிந்து பழுது பார்க்கும்போது வெளிச்சுவரின் வெப்பக் காப்பையும் கவனித்தால் விறகும் மிஞ்சும். காயின் நிறமும் நிற்கும்.

விறகுக் கணக்கு

பச்சைக்காயில் ஈரம் சுமார் 80 சதவிகிதம். அதை 10 சதவிகிதமாகக் குறைக்க, 100 கிலோ காயிலிருந்து ஏறத்தாழ 78 கிலோ நீர் வெளியேற வேண்டும். இந்த நீரை ஆவியாக்க மட்டும் 13 கிலோ காய்ந்த விறகின் வெப்பம் போதும். ஒரு முறை எரிக்கும் விறகை நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்பது விளங்கும். காற்றுத் துவாரத்தில் போகும் வெப்பம் ஈரத்தையும் கொண்டு போகிறது, அது தேவை. கூரையிலும் சுவரிலும் போவது வீண்.

கனமான சுவர் போதாதா?

போதாது. கருங்கல் வெப்பத்தை எளிதில் கடத்தும். ஒன்றரை அடிக் கருங்கல் சுவரை விட 9 அங்குலச் செங்கல் சுவர் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். உள்ளே 50 டிகிரி, வெளியே மலைக்குளிர் என்ற நிலையில், சில்லிட்ட சுவரிலும் தகரத்திலும் நீராவி படிந்து தட்டுகளில் சொட்டும். இரவில் சூடு இறங்கிவிட்டதென்று அடுப்பை மூட்டி எரித்தால் 55 டிகிரியைத் தாண்டி, நிறம் வெளுத்துக் காய் வெடிக்கும்.

செய்முறை

1. வெப்பம் மேலே ஏறுவதால் முதலில் கூரையைக் கவனிக்க வேண்டும். தகரத்துக்குக் கீழே பலகைத் தளம் அமைத்து, அதன் மேல் கண்ணாடிக் கம்பளி பரப்பலாம். நீராவி வெளியேறும் துவாரங்களை மறைக்கக் கூடாது.

2. கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும்.

3. மேட்டுப்பக்கச் சுவரில் ஓதம் இருந்தால், வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். ஈரச் சுவர் வெப்பத்தை மேலும் கடத்தும்.

4. பழைய சுவருக்கு வெளியே 2 அங்குல இடைவெளி விட்டு, நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பலாம். இரு சுவர்களையும் துருப்பிடிக்காத கம்பிகளால் இணைத்து, இடைவெளியின் மேல்முனையை மூடி, அடியில் நீர் வடியச் சிறு துளைகள் விட வேண்டும். அடைபட்ட காற்றே இங்கு காப்பு. சுவர் வழியே போகும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

5. செலவைக் குறைக்க நினைப்போர் நறுக்கிய வைக்கோல் கலந்த மண்ணை 2 அங்குலம் பூசி, மேலே சுண்ணாம்பு பூசலாம். பலன் இதில் குறைவே. சாரல் படாதபடி கூரையை வெளியே நீட்டுவது அவசியம்.

எச்சரிக்கை

காப்பை வெளிப்பக்கம் அமைப்பதே நல்லது. உள்ளே கல் சூட்டைப் பிடித்து வைத்து, அடுப்பு தணியும்போது திருப்பித் தரும். சூட்டுக் குழாய்க்கு அருகில் எரியும் பொருளும் இராது. தெர்மோகோலை உள்ளே பயன்படுத்தவே கூடாது. சூட்டில் உருகும், தீப்பிடிக்கும். உமியை இடைவெளியில் நிரப்பினால் மலை ஈரத்தில் ஊறிப் பயனற்றுப் போகும்.

பழுதுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு காய்க்கு எரித்த விறகை நிறுத்துக் குறித்து வைத்தால் பலன் தெரியும். உலர்த்தும் முறை பற்றிய ஆலோசனைக்கு நறுமணப் பொருள் வாரிய அலுவலகத்தையோ, மயிலாடும்பாறையில் 1978 முதல் இயங்கும் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தையோ விவசாயிகள் அணுகலாம்.