ஒரு ஃபிரேமுக்கு 11 அங்குலம்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடப் பார்க்கிறேன். முடியாவிட்டால் இன்னொன்று சொல்லிக்கொள்வோம்.

1963 நவம்பர் 22, டல்லாஸ் நகரம். டீலி பிளாசாவில் ஒரு கான்கிரீட் திட்டில் ஏறி நின்று, ஆபிரகாம் ஸப்ரூடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர் தன் 8 மி.மீ. கேமராவில் அதிபர் கென்னடியின் கார் வருவதைப் படமெடுத்தார். மொத்தம் 26 விநாடி சொச்சம். கொலையே பதிவாகிவிட்டது, அப்புறம் என்ன ஆராய்ச்சி என்று தோன்றும். ஆனால் அந்தப் படத்தில் ஒலி கிடையாது. நேரமோ தூரமோ எங்கும் எழுதியிருக்கவும் இல்லை. அவற்றை வெளியிலிருந்துதான் அளந்து கொண்டுவர வேண்டும்.

முதலில் நேரம். அது சாவி கொடுத்தால் ஓடுகிற கேமரா. எஃப்.பி.ஐ. ஆய்வகத்தில் அதே கேமராவால் ஒரு கடிகாரத்தைப் படம்பிடித்து ஃபிரேம்களை எண்ணினார்கள். விநாடிக்குச் சராசரி 18.3.

அடுத்தது தூரம். 1964 மே 24-ல் கொலையை விசாரித்த வாரன் ஆணையத்துக்காக, கென்னடியின் கார் சென்ற அதே எல்ம் தெருவில் ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். ஸப்ரூடர் நின்ற இடத்திலிருந்து கேமரா வழியாகப் பார்த்து, பழைய ஃபிரேமில் உள்ளபடியே காட்சி அமையும்வரை காரை முன்னும் பின்னும் நகர்த்தினார்கள். பொருந்தியதும் அந்த இடத்தை சர்வேயர் அளந்து குறித்தார். 161-ஆம் ஃபிரேமிலிருந்து, தலையில் குண்டு பாய்ந்த 313 வரை 136.1 அடி. இடையில் 152 ஃபிரேம்கள், அதாவது 8.3 விநாடி. வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 18 கிலோமீட்டர், ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 11 அங்குலம். அளவே இல்லாத படத்துக்கு இப்போது கடிகாரமும் வந்துவிட்டது, அளவுகோலும் வந்துவிட்டது.

குண்டுகள் சுடப்பட்டதாக ஆணையம் சொன்ன புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடி ஜன்னலில் துப்பாக்கியோடு ஒரு கேமராவைப் பொருத்தி, ஒவ்வொரு இடத்தையும் அங்கிருந்தும் பார்த்தார்கள். 313-ஆம் ஃபிரேமில் கார் இருந்த இடத்துக்கு அந்த ஜன்னலிலிருந்து 265.3 அடி.

எனக்குப் பிடித்தது இனிமேல் வருகிற சங்கதி. கென்னடி வந்த கார் அப்போது மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டிருந்ததால், பாதுகாப்புப் படையின் வேறொரு காரைத்தான் ஓட்டினார்கள். அதில் கென்னடியின் இடத்தில் உட்கார்ந்தவர் அவரைவிட 10 அங்குலம் உயரத்தில் இருந்தார். அதைக் கழிக்காமல் விட்டால் கோணமெல்லாம் பிசகிவிடும். இருக்கைக் கணக்கும் இப்படித்தான். கென்னடிக்கு முன்னால் இருந்த டெக்சாஸ் ஆளுநர் கானலி மடக்கு இருக்கையில் சற்றுத் தாழ்வாக, காரின் உட்பக்கமாக அமர்ந்திருந்தார். பிரபலமான பல வரைபடங்கள் அவரைக் கென்னடிக்கு நேர் முன்னால், அதே உயரத்தில் உட்காரவைத்துவிட்டு, இருவரையும் துளைத்ததாகச் சொல்லப்படும் அந்த ஒரே குண்டு நடுவானில் திரும்பியதா என்று கேட்கின்றன. தவறு வரைந்தவருடையது, குண்டு என்ன செய்யும்?

ஆனாலும் எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது. முதல் காயம் பட்டதாகக் கருதப்படும் நேரத்தில் ஒரு சாலைப் பெயர்ப்பலகை கென்னடியை மறைத்துவிடுகிறது. மறுபடி தெரியும்போது அவர் அடிபட்டிருக்கிறார். அதனால் ஆணையம் அங்கே ஒரே எண்ணைச் சொல்லாமல், 210-க்கும் 225-க்கும் இடையில் இருக்கலாம் என்று எழுதியது. நேரத்தில் அது முக்கால் விநாடிக்குச் சற்றுக் கூட. தெருவில் 13 அடிக்கு மேல்.