தப்புக் கணக்குப் போடும் ப்ராசசர்

1994 ஜூன். அமெரிக்காவின் வர்ஜீனியாவில், லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கம்ப்யூட்டரில் கூட்டிக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்த்த பென்டியம் கம்ப்யூட்டர் வந்த பிறகு விடை ஒத்துவரவில்லை. எடுத்த எடுப்பில் ப்ராசசர் மீது சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை. புரோகிராமைப் பார்த்தார், கம்பைலரைப் பார்த்தார், மதர்போர்டைப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, அக்டோபரில்தான் பிழை பென்டியத்தில் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. வகுத்தலுக்காகச் சிப்புக்குள் பதித்த அட்டவணையில், 1,066 இடங்களில் 5 இடங்கள் விடுபட்டுப்போயிருந்தன. டிசம்பரில் இன்டெல், கேட்பவர்களுக்கெல்லாம் ப்ராசசரை மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்காக அது கணக்கில் எழுதிய தொகை 47.5 கோடி டாலர்.

நைஸ்லியின் அந்த நான்கு மாதங்களும் மற்றவற்றைக் கழிப்பதிலேயே போயின. இன்றைக்கும் சிக்கல் அதுதான். கம்ப்யூட்டர் திடீரென்று ஹேங் ஆகிறது, தானே ரீஸ்டார்ட் ஆகிறது, நீலத் திரை காட்டுகிறது. காரணம் விண்டோஸா, டிரைவரா, வைரஸா, ஹார்டு டிஸ்க்கா, ப்ராசசரா? பென் டிரைவிலிருந்து பூட் செய்து சோதிக்கும்போது இவற்றில் பாதி ஒரே அடியில் விலகிவிடும். பென் டிரைவில் பதித்த லினக்ஸ், ஹார்டு டிஸ்க் இல்லாமலே ஓடும்; எழுதுவதையெல்லாம் நினைவகத்தில்தான் எழுதும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டும் சோதிக்கலாம். கழற்றிவிடுவதே நல்லது என்பேன். தப்பாகக் கணக்குப் போடும் ப்ராசசர், டிஸ்க் மாட்டியிருந்தால் அந்தத் தப்பை உங்கள் கோப்புகளிலும் எழுதிவைக்கக்கூடும்.

சோதனைக்குப் பல மென்பொருள்கள் உண்டு. வெறுமனே வேலை கொடுத்துச் சூடேற்றுபவை ஒரு வகை. விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து, வந்த விடையைச் சரிபார்ப்பவை இன்னொரு வகை. நான் நம்புவது இரண்டாவதை. அந்த வகையில் பெயர் பெற்றது பிரைம்95. லினக்ஸில் அதன் பெயர் எம்பிரைம். ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்காக எழுதப்பட்டது அது. ஒரு எண்ணைச் சோதிக்கவே வாரக்கணக்கில் ஓட வேண்டிய கணக்கு. நடுவில் ஒரு பிட் மாறினாலும் அத்தனையும் வீண். அதனால் தன் கணக்கைத் தானே கண்காணிக்கும்படி அதைக் கட்டினார்கள். பிரம்மாண்டமான எண்களைப் பெருக்கும்போது ஒவ்வொரு விடையும் ஒரு முழு எண்ணை ஒட்டியே வர வேண்டும். 0.4-க்கு மேல் விலகினால், வன்பொருளில் கோளாறு என்று அறிவித்து, பிழை வந்த கோரில் சோதனையை நிறுத்திவிடும். ஒவ்வொரு சுற்றின் இறுதி விடையையும் ஏற்கெனவே தெரிந்த விடையோடு ஒப்பிடும்.

இவ்வளவு கடுமையாக வேலை வாங்குவதன் பலன் 2016 ஜனவரியில் தெரிந்தது. இன்டெலின் ஆறாம் தலைமுறை ஸ்கைலேக் ப்ராசசர்கள், பிரைம்95-இல் குறிப்பிட்ட ஓர் எண்ணைச் சோதிக்கும்போது உறைந்துபோயின. பகா எண் தேடுபவர்கள்தான் அதைப் பிடித்தார்கள். இன்டெல் ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் வழியே திருத்தம் தந்தது.

உறைந்து நிற்பதாவது கண்ணுக்குத் தெரியும். 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கவலை தருவது. அவர்களது சர்வர் ஒன்றில் சில கோப்புகள் காரணமில்லாமல் காணாமல்போயின. துருவிப் பார்த்தால், 1.1-இன் 53-ஆம் அடுக்கை முழு எண்ணாகக் கேட்டபோது 156 என்று சொல்ல வேண்டிய ப்ராசசர் 0 என்றது. 52-ஆம் அடுக்குக்குச் சரியாக 142 என்றது. அதுவும் 59-ஆம் எண் கோரில் மட்டும். மற்ற கோர்கள் சரியாகவே இருந்தன. எந்த எச்சரிக்கையும் இல்லை. இப்படியொரு சிப் மருத்துவமனையிலோ வங்கியிலோ உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தால், விடையைச் சரிபார்க்கும் சோதனையின் அருமை புரியும்.

இனி செய்முறை. முதலில் நினைவகத்தைச் சோதியுங்கள். அதற்கான மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸும் பென் டிரைவிலிருந்தே பூட் ஆகும். நினைவகத்தில் பழுது இருந்தால், பழி ப்ராசசர் மீது விழும். பிறகு எம்பிரைமில் சிறிய அளவுச் சோதனையைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கணக்கு ப்ராசசருக்குள் இருக்கும் கேஷிலேயே அடங்கிவிடுவதால், நினைவகத்தை அதிகம் நாடாது. சூடும் உச்சத்துக்குப் போகும். பக்கத்தில் இன்னொரு திரையில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். பல இன்டெல் சிப்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அப்போது விடை சரியாகவே வரும், ஆனால் வேகம் பாதியாகக்கூட இருக்கலாம். அதனால் வெப்பநிலையோடு கிகாஹெர்ட்ஸ் அளவையும் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில் செய்யும் சோதனையே நம் ஊருக்கு உண்மையான சோதனை. அறைச் சூடு அப்படியே சிப்பின் சூட்டோடு சேரும்.

எவ்வளவு நேரம்? பத்து நிமிடத்தில் குளிர்விக்கும் ஏற்பாட்டின் லட்சணம் தெரிந்துவிடும். கணக்குப் பிழையைப் பிடிக்க அது போதாது. 6 முதல் 24 மணி நேரம் வரை ஓட விடச் சொல்கிறார்கள் எம்பிரைமை எழுதியவர்கள். மாலையில் தொடங்கி, காலையில் பார்ப்பது வசதி. பழைய லேப்டாப் என்றால், அதற்கு முன் ஃபேனில் அடைந்த தூசியை எடுத்துவிட்டு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றிவிடுங்கள்.

பிழை வந்தால் உடனே ப்ராசசரைத் தூக்கிப் போட வேண்டாம். ஓவர்கிளாக் செய்திருந்தால் அதை நீக்கி, பயாஸைப் புதுப்பித்து மறுபடி ஓட்டுங்கள். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தடுமாறினாலும் இதே பிழை வரும். முடிந்தால் வேறொன்றை மாட்டிப் பாருங்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சில, தேவைக்கு மேல் கேட்டு வாங்கிய வோல்டேஜால் நாளாவட்டத்தில் கெட்டது 2024-இல் உறுதியானது. புதிய பயாஸ் அந்தக் கேட்டைத் தடுக்கும், கெட்டுப்போனதைச் சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட சிப்களுக்கு வாரன்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தார்கள்.

எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் அதே கோரில் பிழை திரும்பினால், வாரன்டி கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. ஆனால் பென் டிரைவ் லினக்ஸ் நினைவகத்திலேயே எழுதுவதால், ஸ்விட்சை அணைத்ததும் எம்பிரைமின் பதிவுக் கோப்பும் அழிந்துவிடும். அணைப்பதற்கு முன் திரையை, கோர் எண்ணும் பிழைச் செய்தியும் தெரியும்படி, செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.