மோட்டார் சைக்கிள் தோலுடை

மோட்டார் சைக்கிள் தோலுடை என்பது, வண்டி ஓட்டுபவர் கீழே விழுந்து சாலையில் சறுக்கும்போது அவரது உடல் உராய்ந்து காயமடையாமல் காப்பதற்காக, தடித்த விலங்குத் தோலால் தைக்கப்படும் உடை ஆகும். மேற்சட்டை, காற்சட்டை, இரண்டும் இணைந்த முழுவுடை ஆகிய வடிவங்களில் இது கிடைக்கிறது. 1928ஆம் ஆண்டில் நியூயார்க்கின் இர்விங் ஷாட் வடிவமைத்த, ஜிப் வைத்த 'பெர்ஃபெக்டோ' மேற்சட்டை இவ்வகையில் புகழ்பெற்றது. இன்று மோட்டோ ஜிபி பந்தய வீரர்கள் அணிவதும் தோலாலான முழுவுடையே.

தோலின் அமைப்பு

துணியில் நூல்கள் பாவும் ஊடுமாக இரண்டு திசைகளில் மட்டுமே செல்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் கிழிசல் நீண்டுகொண்டே போகும். தோலில் கொலாஜன் என்னும் புரத இழைகள் எல்லாத் திசைகளிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எனவே மேற்பரப்பு தேய்ந்தாலும் அடியிலுள்ள இழைகள் பிடிவிடுவதில்லை.

உராய்வினால் வெப்பம் உண்டாகும் என்பது நாம் பள்ளியில் படித்ததே. நைலான் 6,6 இழை ஏறத்தாழ 260 பாகை செல்சியசில் உருகிவிடும். உருகியது உடலில் ஒட்டிக்கொண்டால் காயம் மேலும் மோசமாகும். தோல் உருகுவதில்லை.

பதனிடுதல்

பச்சைத் தோல் எளிதில் அழுகும். ஈரநிலையில் 60 முதல் 65 பாகை வெப்பத்திலேயே சுருங்கும். குரோமிய உப்புகளால் பதனிடும்போது கொலாஜன் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் உருவாகின்றன. நன்கு பதனிட்ட குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆலைகளில் பரவலாகக் கையாளப்படும் முறையும் இதுவே.

தடிமனும் தரமும்

மாட்டுத் தோலாயின் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிமன் வழக்கமானது. கங்காருத் தோல் மெல்லியதாயினும் உறுதி மிக்கது. ஆகவே பந்தய உடைகளில் பயன்படுகிறது. தோலை இரண்டாகப் பிளக்கும்போது கிடைக்கும் கீழடுக்கு 'ஸ்பிளிட்' எனப்படும். இதன்மீது பூச்சுப் பூசினால் பார்வைக்கு நல்ல தோல் போலவே இருக்கும்; ஆனால் உறுதி குறைவு. அலங்காரத்துக்காக விற்கப்படும் மெல்லிய தோல் சட்டைகளையும் பாதுகாப்பு உடையாகக் கருதக்கூடாது.

தையல்

தோல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தையல் விட்டுப்போனால் பயனில்லை. நல்ல உடையில் இரண்டு அல்லது மூன்று வரிசைத் தையல் இருக்கும். அவற்றுள் ஒன்றாவது சாலையில் உரசாதபடி உட்புறம் மறைந்திருக்கும். ஊசித் துளைகள் மிக நெருங்கிவிட்டால், அஞ்சல்தலைத் தாளைப் போல அந்தக் கோட்டிலேயே கிழியும். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகியவையே முதலில் தரையில் மோதுபவை. அங்கு இரட்டைத் தோல் வைத்து, தையல் அவ்விடங்களில் வராமல் வெட்டுவது நல்லது.

மோதலும் தர அளவும்

தோல் உராய்விலிருந்து காக்கும். மோதலின் விசையை அது பெரிதாகக் குறைப்பதில்லை. அதற்கெனத் தனியே காப்புத் திண்டுகள் வைக்கப்படுகின்றன. ஐரோப்பிய ஈ.என். 1621-1 தரத்தின்படி, கைகால் திண்டு 50 ஜூல் மோதலில் கடத்தும் சராசரி விசை முதல் நிலையில் 35 கிலோநியூட்டனையும், இரண்டாம் நிலையில் 20 கிலோநியூட்டனையும் மிஞ்சக்கூடாது. முழு உடைக்கான ஈ.என். 17092 தரத்தில் ஏஏஏ, ஏஏ, ஏ என்ற வகுப்புகள் உண்டு. இவற்றுள் ஏஏஏ உயர்ந்தது. பி வகுப்பு உடையில் மோதல் காப்புத் திண்டுகள் இருக்கா. வாங்கும்போது உட்புறச் சீட்டில் இக்குறியீட்டைப் பார்க்க வேண்டும்.

உடை தளர்வாக இருந்தால் விழும்போது திண்டு இடம் மாறிவிடும். எனவே வண்டியில் அமரும் நிலையில் அணிந்து பார்ப்பதே சரியான முறை.

பராமரிப்பு

நனைந்த உடையை வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தினால் தோல் விறைத்து வெடிக்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலர்த்தி, தோலுக்குரிய எண்ணெய்ப் பசையை அவ்வப்போது தடவ வேண்டும். மழைக்காலத்தில் மூடிய பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒருமுறை விழுந்த பின்னர், வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும், தையலையும் திண்டுகளையும் சோதித்த பிறகே மீண்டும் அணிய வேண்டும்.