பனி திருப்பித் தந்த பட்டாளத்துக்காரர்

56 ஆண்டுகளுக்குப் பிறகு வீடு வந்த மகன்!

2024-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒரு ராணுவ விமானம் வந்து இறங்கியது. அதிலிருந்து தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஒன்றை மெதுவாக இறக்கினார்கள்.

பெட்டிக்குள் இருந்தவர் பெயர் தாமஸ் செரியான். பட்டாளத்துக்காரர். வயது 22.

அவரை வரவேற்கக் காத்திருந்த உடன்பிறந்தவர்களோ தலை நரைத்த முதியவர்கள்!

இது எப்படி? 22 வயது வாலிபனுக்கு முதியவர்கள் எப்படி உடன்பிறந்தவர்கள் ஆக முடியும்?

காரணம் இதுதான். தாமஸ் செரியான் இறந்தது 1968-ம் ஆண்டில். உடல் கிடைத்தது 2024-ம் ஆண்டில். இடையில் 56 ஆண்டுகள் அவர் இமயமலைப் பனிக்குள் உறங்கிக் கிடந்தார்.

நம் பக்கத்துப் பிள்ளை

தாமஸ் செரியானின் ஊர் எலந்தூர். கேரளத்தில் பத்தனம்திட்டா மாவட்டத்தில் இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம், கொட்டாரக்கரை, அடூர் என்று வடக்கே போனால் அந்த ஊர்ப் பக்கம் போய்ச் சேரலாம். அதே ரப்பர்த் தோட்டம், அதே ஓட்டு வீடு, அதே மழை. அவர் பிறந்தபோது நாஞ்சில் நாடும் எலந்தூரும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆகவே நமக்கும் அவர் அன்னியர் அல்ல.

18 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். இயந்திரங்களையும் தளவாடங்களையும் பழுது பார்க்கும் பிரிவில் அவருக்கு வேலை. பயிற்சி முடிந்தது. லடாக் எல்லைக்குப் போகும்படி உத்தரவு வந்தது. பையன் பெட்டியைக் கட்டினான்.

புதன்கிழமை விமானம்

1968 பிப்ரவரி 7. புதன்கிழமை. சண்டிகாரில் இருந்து லே நகருக்கு ஒரு விமானப்படை விமானம் புறப்பட்டது. "ஏ.என்.12" என்று பெயர். ரஷ்யாவில் செய்த பெரிய விமானம், நான்கு என்ஜின்கள். விமானிகள், சிப்பாய்கள் எல்லோரும் சேர்த்து 102 பேர் அதில் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் பிப்ரவரி மாதத்தில் லடாக்குக்குச் சாலை வழி கிடையாது. கணவாய்கள் எல்லாம் பனி மூடிக் கிடக்கும். ஆள் போவதானாலும் அரிசி போவதானாலும் ஆகாய மார்க்கமாகத்தான் போக வேண்டியிருந்தது.

லே நெருங்கும் நேரம். வானம் கெட்டுவிட்டது. இறங்க முடியாது என்று விமானி முடிவு செய்தார். சண்டிகாருக்கே திரும்புவதாக ரேடியோவில் தகவல் சொன்னார். ரோதங் கணவாய்க்கு அருகே பேச்சு நின்று போயிற்று.

அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

தேடினார்கள். எங்கே பார்த்தாலும் வெள்ளை. மலைமேல் விழுந்ததைப் பனி மூடிவிட்டது. 102 பேரில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. விமானத்தின் ஒரு தகடுகூடக் கிடைக்கவில்லை.

வீடுகளுக்குச் செய்தி போயிற்று. "இறந்துவிட்டார்" என்று அல்ல; "காணவில்லை" என்று!

இந்த ஒரு சொல் செய்கிற கொடுமை சாதாரணமானதல்ல. விமானம் வழி தவறி எதிரி நாட்டில் இறங்கியிருக்கும், பிள்ளைகள் அங்கே சிறையில் இருப்பார்கள் என்று நம்பியவர்கள் உண்டு. சமாதானம் ஏற்பட்டால் விடுதலையாகி வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. இறந்தவனுக்கு அழலாம், காரியம் செய்யலாம். காணாமல் போனவனுக்கு என்ன செய்வது? வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான் முடியும்.

மலை ஏறியவர்கள் கண்டது

35 ஆண்டுகள் ஓடின. 2003-ம் ஆண்டு மணாலி மலையேற்றப் பயிற்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் இமாசலப் பிரதேசத்தின் லாகுல் பக்கம் மலை ஏறினார்கள். "தாக்கா" பனியாற்றின் தென் பகுதி. அங்கே பனிக்கு வெளியே ஏதோ தெரிந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தார்கள். விமானத்தின் துண்டுகள்! ஒரு மனித உடல்!

உடையில் இருந்த அடையாளங்களை வைத்து ஆள் யார் என்று கண்டுபிடித்தார்கள். சிப்பாய் பேலி ராம். 1968-ல் மறைந்த விமானத்தில் போனவர்!

ஒரு தலைமுறைக் காலம் மூடிக் கிடந்த மர்மம் அன்று திறந்துகொண்டது. எதிரி நாட்டுச் சிறை என்பதெல்லாம் பொய்யாய்ப் போயிற்று. 102 பேரும் அந்தப் பனியில்தான் கிடக்கிறார்கள்.

ராணுவம் மீண்டும் மீண்டும் மலை ஏறியது. 2007-ல் மேலும் மூன்று உடல்கள் கிடைத்தன. 2013-ல் ஹவில்தார் ஜக்மயில் சிங்கின் உடல் கிடைத்தது. அடையாளத் தகடு இருந்தது. கூடவே வீட்டில் இருந்து வந்த கடிதம் ஒன்றும் இருந்தது. மனிதன் போய் 45 ஆண்டுகள் ஆன பிறகும் கடிதம் அவரோடேயே இருந்தது! 2019-ல் என்ஜின், விசிறி, விமானியின் அறைக் கதவு ஆகியவை அகப்பட்டன.

2024 செப்டம்பர் கடைசியில் டோக்ரா சாரணர் படையினரும் மலை மீட்புக் குழுவினரும் சுமார் 16,000 அடி உயரத்தில் தேடினார்கள். நான்கு உடல்கள் கிடைத்தன. சட்டைப் பையில் நைந்து கிடந்த காகிதங்களும் சம்பளப் புத்தகமும் ஆட்களைக் காட்டிக் கொடுத்தன. உத்தரப் பிரதேசத்து மல்கான் சிங், உத்தராகண்டைச் சேர்ந்த நாராயண் சிங், அரியானாவின் முன்ஷி ராம், நம் பக்கத்து எலந்தூர் தாமஸ் செரியான்.

பனி எப்படித் திருப்பித் தருகிறது?

35 ஆண்டுகள் காட்டாததைப் பனி பிறகு ஏன் காட்டியது? இதில் மாயம் ஒன்றும் இல்லை.

உயர்ந்த சிகரங்களில் விழும் பனி முழுவதும் உருகுவதில்லை. போன ஆண்டுப் பனியின் மேல் இந்த ஆண்டுப் பனி விழுகிறது. அடியில் இருப்பது பாரம் தாங்காமல் இறுகிக் கட்டிப் பனியாகிறது. பார்வைக்குப் பாறைபோல் அசையாமல் கிடக்கும். ஆனால் தன் கனத்தாலேயே அது சரிவில் மெல்ல மெல்ல இறங்குகிறது. அதனால்தான் அதற்குப் பனியாறு என்று பெயர்.

மேலே விழுந்த பொருளைப் பனி மூடிக்கொள்ளும். மூடியபடியே கீழே கொண்டு வரும். கீழே வெயில் அதிகம். அங்கே மேற்பரப்பு உருகும். உள்ளே இருந்தது வெளியே தெரியும். திற்பரப்பில் ஆற்றில் விழுந்த தேங்காய் குழித்துறையில் கரை ஒதுங்கவில்லையா? அதுபோலத்தான். தேங்காய்க்குச் சில மணி நேரம் போதும். பனியாற்றுக்கு அரை நூற்றாண்டு வேண்டும்!

குளிரில் உடல் அழுகுவதில்லை. ஆகவேதான் காகிதம்கூடத் தப்பிப் பிழைக்கிறது. இப்போது பூமியின் வெப்பம் கூடி வருவதால் பனியாறுகள் வேகமாகக் கரைகின்றன. இன்னும் பலவற்றை அவை வெளியே தள்ளக்கூடும்.

ஆல்ப்ஸ் மலையில் இந்தியப் பத்திரிகை!

இதே கதை ஐரோப்பாவிலும் நடந்திருக்கிறது. அதுவும் நம் நாட்டு விமானங்களுக்கே!

1950 நவம்பர் 3-ந் தேதி ஏர் இந்தியாவின் "மலபார் இளவரசி" என்ற விமானம் பிரான்சு நாட்டு மோன் பிளான் சிகரத்தில் மோதியது. 48 பேர் மாண்டனர். 1966 ஜனவரி 24-ந் தேதி அதே மலையில், கிட்டத்தட்ட அதே இடத்தில், "கஞ்சன்ஜங்கா" என்ற ஏர் இந்தியா விமானம் மோதியது. 117 பேர் பலியாயினர். அவர்களில் ஒருவர் அணு விஞ்ஞானி ஹோமி பாபா.

அந்த மலையில் இருந்து இறங்கும் பொசோன் பனியாறு இன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள்களைத் திருப்பித் தருகிறது. 2012-ல் தூதரகத் தபால் பை ஒன்று வந்தது. 2013-ல் ஒரு வாலிபர் மரகதமும் நீலமும் நிறைந்த பெட்டியைக் கண்டெடுத்து, ஒரு கல்லைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போலீசில் ஒப்படைத்தார். உரிமையாளர் கிடைக்காததால் 2021-ல் கற்களை அவருக்கும் ஊராட்சிக்கும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். 2020-ல் இந்தியப் பத்திரிகைகள் கிடைத்தன. அவற்றில் இருந்த பெரிய செய்தி என்ன தெரியுமா? இந்திரா காந்தி பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி! 54 ஆண்டுப் பழைய செய்தி. ஆனால் எழுத்து அழியவில்லை.

கடல் வைத்திருந்த ரகசியம்

மலை இப்படி என்றால், கடல்?

2015 ஜூன் 8-ந் தேதி மாலை, கடலோரக் காவல் படையின் "டார்னியர்" என்ற சிறு விமானம் மூன்று அதிகாரிகளுடன் சென்னையில் இருந்து ரோந்துக்குப் புறப்பட்டது. இரவு அது திரும்பவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் தேடினார்கள். நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கடலடியில் இருந்து வந்த மெல்லிய ஒலியைக் கேட்டது. ஜூலை மாதம் கடலூருக்கு அப்பால், சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் விமானம் கண்டுபிடிக்கப்பட்டது.

2016 ஜூலை 22-ந் தேதி தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் போன "ஏ.என்.32" விமானம் வங்கக் கடலின் மேல் மறைந்தது. தேடாத கப்பல் இல்லை. பறக்காத விமானம் இல்லை. பயன் இல்லை. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்கள் பதிலைச் சொல்லின. சென்னைக் கரையில் இருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடந்தன.

தூத்தூர்க் கடற்கரை

எலந்தூர்ச் செய்தியை நம் மாவட்டத்துக் கடற்கரைக்காரர்கள் படித்தபோது என்ன நினைத்திருப்பார்கள்?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களில் இருந்து ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது அதே சொல்தான்: "காணவில்லை."

இங்கே சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. காணாமல் போனவரைப் பற்றி 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம். 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 108-வது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் இந்த 7 ஆண்டுக் கணக்கு மாறவில்லை.

7 ஆண்டுகள்! அதுவரை இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லை என்றால் உதவித்தொகை இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, பாங்கியில் போட்ட பணத்தை எடுப்பதும் கடினம். படகுக் கடன்காரன் மட்டும் 7 ஆண்டு காத்திருப்பானா?

ஜனங்கள் கேட்டார்கள், போராடினார்கள். கடைசியில் அரசு இறங்கி வந்தது. விசேஷ உத்தரவின் பேரில் விசாரணை செய்து, 7 ஆண்டு காத்திராமலே, காணாமல் போன மீனவர்கள் இறந்ததாக ஏற்றுக்கொண்டது. குடும்பங்களுக்கு நிவாரணம் கிடைத்தது.

அது நல்ல காரியம். ஆனால் அது ஒரு புயலுக்குச் செய்த சலுகை. புயல் இல்லாத நாளில் ஒற்றைப் படகு மூழ்கினால்? வள்ளத்தில் இருந்து ஒரே ஒரு ஆள் தவறி விழுந்தால்? அந்த வீட்டுப் பெண் மறுபடியும் 7 ஆண்டுக் கணக்கில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஒக்கிக்குக் காட்டிய கருணையை நிரந்தர விதியாக்கினால் என்ன? பெரும் கூட்டத்தோடு போனவனுக்கு ஒரு நியாயம், தனியே போனவனுக்கு ஒரு நியாயம் என்று இருக்கலாமா?

எலந்தூரில் மணி அடித்தது

அக்டோபர் 4-ந் தேதி தாமஸ் செரியானின் உடலை எலந்தூருக்குக் கொண்டு போனார்கள். ஊரே திரண்டு வந்தது. அவரை நேரில் அறிந்தவர்கள் சிலரே. பெரும்பாலோர் அவர் மறைந்த பின் பிறந்தவர்கள். ராணுவ மரியாதையுடன், ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் நடந்தது.

பெற்ற தாயும் தகப்பனும் இதைப் பார்க்க இல்லை. அவர்கள் காத்திருந்து காத்திருந்து முன்பே போய்விட்டார்கள்.

102 பேரில் இதுவரை வீடு திரும்பியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மீதிப் பேர் இன்னும் அந்தப் பனிக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆண்டில் சில மாதங்கள்தான் அங்கே பனி இளகும். அப்போதுதான் தேட முடியும்.

ஒருவன் இறந்தான் என்று தெரிந்துகொள்வதில் என்ன ஆறுதல் என்று சிலர் கேட்கலாம். எலந்தூரில் போய்க் கேளுங்கள். தூத்தூரில் போய்க் கேளுங்கள். ஒரு கல்லறை இருந்தால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம். அந்த மெழுகுவர்த்திக்காக 56 ஆண்டுகள் காத்திருந்த குடும்பம் இது.