வெயிலை அளந்த அன்னா மணி

"நேத்து ராத்திரி நல்ல மழைங்க" என்போம். ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை என்றும் சொல்வோம். மண்ணைத் தோண்டிப் பார்த்துச் சொல்லும் அந்தக் கணக்கு நல்ல கணக்குதான். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் ஏறக்குறைய 4,047 லிட்டர் தண்ணீர். 25 மி.மீ. பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். அதில் எவ்வளவு நம் வயலில் நின்றது, எவ்வளவு ஓடையில் போனது என்று யோசிக்க ஆரம்பித்தால் வரப்பு தானாக உயரும்.

மழை, வெயில், காற்று இவற்றின் அளவுகள் நாடு முழுக்க ஒரே மாதிரி, நம்பும்படி கிடைப்பதற்குப் பலர் உழைத்திருக்கிறார்கள். அவர்களில் முக்கியமானவர் அன்னா மணி. உழவர்களாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் வைரம், மாணிக்கம் பற்றி ஆராய்ச்சி செய்தார். ஐந்து கட்டுரைகள் வெளியிட்ட பிறகும், முதுகலைப் பட்டம் இல்லையென்று சொல்லி முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவர் அதற்காக முடங்கவில்லை. 1945-ல் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948-ல் திரும்பிவந்து, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார்.

அப்போது நாடு சுதந்திரம் பெற்றிருந்தது. ஆனால் வானிலைக் கருவிகளில் பலவற்றுக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருந்தோம். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டு, தரம் நிர்ணயித்து, இங்கேயே செய்ய வழி பண்ணினார். தப்பான அளவு, அளவே இல்லாததைவிட மோசம் என்பது அவர் கொள்கை. 1957-58-ல் இந்தியாவில் வெயிலின் அளவைப் பதிவு செய்யும் நிலையங்களை ஏற்படுத்தினார். 1976-ல் ஓய்வு பெற்றபோது துறையின் துணைத் தலைமை இயக்குநர். அதன்பிறகும் சும்மா இருக்கவில்லை. 1980-ல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவு நூலை வெளியிட்டார். 1983-ல் காற்றாற்றல் தரவு நூல் வந்தது. சூரிய மின்சாரமும் காற்றாலையும் எங்கே ஓடும், எங்கே ஓடாது என்று கணக்குப் போட அந்த நூல்கள் அடிப்படையாக இருந்தன.

நெய்வேலியில் விவசாயம் செய்கிற எனக்கு இது வெறும் வரலாறு இல்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டியபோது தெரியவந்த பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய மரங்கள் வாங்கி வைத்த வெயில். அதை எரித்தால் கரியமில வாயு வரும். அந்த வாயு வெயிலில் அதிகம் சூடாகும், ஆறுவதற்கும் ரொம்ப நேரம் பிடிக்கும் என்று 1856-லேயே கண்ணாடிக் குழாய்களை வைத்துக் காட்டியவர், அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி. காற்றில் அந்த வாயு கூடினால் பூமியின் வெப்பமும் கூடும் என்று அப்போதே எழுதினார். பழைய வெயிலை எரித்தால் வரும் வாயு என்ன செய்யும் என்று ஃபுட் சொன்னார். இன்றைய வெயில் எவ்வளவு இருக்கிறது என்று அன்னா மணி அளந்து கொடுத்தார். இன்று நெய்வேலியில் சூரிய மின்தகடுகளும் நிற்கின்றன.

எங்கள் பகுதியின் பெரிய கவலை தண்ணீர். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். கிணறு இறங்கிப்போச்சு என்று கூட்டத்தில் சொல்கிறோம். எத்தனை அடி, எந்த மாசம், அந்த வருஷம் மழை எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. வங்கியில் பல வருஷம் மனுக்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: எண் இல்லாத கோரிக்கை மேசையைவிட்டு நகராது.

செலவு ஒன்றும் பெரிதில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாக, பக்கம் நேராக உள்ள ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் சாயாமல் வையுங்கள். பக்கத்தில் மரம் இருந்தால், அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே நிற்கும் தண்ணீரை ஸ்கேலால் அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறை அளப்பதும் அதே நேரத்தில்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து, கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊரில் பத்துப் பேர் இப்படி எழுதினால், ரெண்டு மூணு வருஷத்தில் அந்த ஊரின் தண்ணீர்க் கணக்கு நம் கையில் இருக்கும். மூடாக்கு போட்ட நிலமும் போடாத நிலமும் எப்படி வேறுபடுகின்றன என்பதும் அந்த நோட்டிலேயே தெரியும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஆரம்பித்துவிடுங்கள்.